ஒரே ஊர், இரண்டு சதுப்பு

கொச்சங்காடி என்ற பெயருக்குத் தமிழர் யாரும் அகராதி தேட வேண்டியதில்லை. அங்காடி நம் பழஞ்சொல். நாளங்காடியும் அல்லங்காடியும் இருந்த மதுரையைப் படித்தவர்களுக்கு இது பக்கத்து ஊர்ப்பெயர் போலவே ஒலிக்கும். கொச்சியின் பழைய பகுதியான மட்டாஞ்சேரியில், யூதத் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது இந்த இடம். 14ஆம் நூற்றாண்டில் இங்கே யூதர்களுக்கு ஒரு தொழுகைக்கூடம் இருந்தது. கட்டடம் அழிந்துவிட்டது; அதன் கல்வெட்டு மட்டும் யூதத் தெருவிலுள்ள பரதேசித் தொழுகைக்கூடத்தில் இன்றும் இருக்கிறது. செப்புக்கூரை வேய்ந்ததால் செம்பிட்ட பள்ளி என்று பெயர் பெற்ற பள்ளிவாசலும் கொச்சங்காடியில்தான்.

சற்றுத் தள்ளி, ஃபோர்ட் கொச்சியின் வேளி என்ற பகுதியில், ஒரு பெரிய சலவைத்துறை உண்டு. படைவீரர்களின் உடுப்புகளை வெளுப்பதற்காகப் பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்னும் கல்லில் அடித்துத் துவைத்து, வெட்டவெளியில் காயப்போடுகிறார்கள். முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிட்டால் கிளிப் வேண்டாம். மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும். காற்றை நம்பி நடக்கும் தொழில் அது. வெளுத்த துணிக்குக் கரித்தூளைவிடப் பெரிய பகை கிடையாது. நுரையீரலுக்கும் அதுவே பகை. ஆனால் நுரையீரலை வெளியே எடுத்து உதறி, படிந்திருக்கிறதா என்று பார்க்க முடியாது.

அங்காடி இருக்கும் இடத்தில் கழிவும் இருக்கும். மீன் செதில், வாழையிலை, சாக்குத் துண்டு, பிளாஸ்டிக் பை என்று ஒவ்வொரு நாளும் சேர்வதற்குக் கொச்சங்காடியின் ஒடுங்கிய சந்துகளில் தங்க இடமில்லை. அடுத்தடுத்து ஒட்டிய வீடுகள். உரக்குழி வெட்டக் கொல்லைப்புறம் கிடையாது. நகரத்தின் மற்ற வார்டுகளைப் போலவே இங்கிருந்தும் குப்பை லாரி ஏறிப் பாலங்களைக் கடந்து கிழக்கே போனது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தாண்டி, வடவுகோடு புத்தன்குரிசு பஞ்சாயத்தில், பிரம்மபுரம் என்ற இடத்தில் கொட்டப்பட்டது. கொச்சி மாநகராட்சியின் குப்பைக்குக் கொச்சிக்கு வெளியே ஓர் ஊர். வீட்டு வாசலைப் பெருக்கி அடுத்தவர் வாசலில் தள்ளுவது என்று கிராமத்தில் சொல்வார்களே, அதன் மாநகர வடிவம் இது.

2023 மார்ச் 2ஆம் தேதி பிற்பகலில் பிரம்மபுரத்தில் தீப்பிடித்தது.

குப்பை மேட்டில் தீ என்றால் வைக்கோற்போரில் தீ போல மேலே எரிந்து அடங்குவது அல்ல. ஆண்டுக்கணக்கில் கலந்து கொட்டப்பட்ட குப்பைக்குள் மக்கும் பொருள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உருவாகிறது. அழுகும் குப்பையின் மேலும் கீழும் பிளாஸ்டிக் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. மேற்பரப்பில் தண்ணீரைப் பீய்ச்சினால் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வழிந்தோடிவிடும். உள்ளே பல அடி ஆழத்தில் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். அதனால் தீயணைப்பு வீரர்கள் மண் அள்ளும் இயந்திரங்களால் மேட்டைக் கிளறி, ஒவ்வோர் அடுக்காகத் திறந்து, பக்கத்தில் ஓடும் கடம்பிரையாற்றிலிருந்து நீரை இறைத்து ஊற்ற வேண்டியிருந்தது. கடற்படையும் விமானப்படையும் ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டின. தீ முழுவதும் அணைய மார்ச் 13 ஆனது. இடையில் மாவட்ட ஆட்சியர் மாறினார், பள்ளிகளின் கீழ்வகுப்புகளுக்கு விடுமுறை விடப்பட்டது, மக்கள் முகக்கவசத்தை மீண்டும் தேடி எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறல், கண்ணெரிச்சல், தலைவலி என்று சிகிச்சைக்கு வந்தனர்.

கடலோர நகரத்தில் காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. பகலில் நிலம் சூடேறும்போது கடலிலிருந்து காற்று உள்ளே வரும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து கடலை நோக்கிப் போகும். அந்தப் பன்னிரண்டு நாட்களில் விடியற்காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தவர்களுக்கு மூடுபனி போலத் தெரிந்தது, இரவுக்காற்று கிழக்கேயிருந்து கொண்டுவந்து நகரத்தின் மேல் பரப்பிய புகை. நகரம் தன் குப்பையை எந்தத் திசையில் அனுப்பியதோ அதே திசையிலிருந்து அது திரும்பி வந்தது.

கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மார்ச் மாதத்திலேயே கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பாதிக்கப்பட்டவர்களின் உடல்நலத் தேவைகளுக்கும் சேர்த்து அந்தப் பணம் செலவிடப்பட வேண்டும் என்றது. அதுவரை கேரளத்தின் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய நகரங்கள் உள்ளன. தூத்துக்குடி, திருச்சி, மதுரை, சென்னை எல்லாம் உண்டு. கேரளத்து நகரம் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் ஆண்டுச் சராசரிகளைப் பார்த்துத் தயாரிக்கப்பட்ட பட்டியல் அது. சராசரி என்பது பருவமழையில் கழுவப்பட்ட மாதங்களையும் சேர்த்துக்கொண்டு கணக்குப் பார்க்கும். ஆஸ்துமா உள்ள குழந்தை சராசரியைச் சுவாசிப்பதில்லை. அன்றன்றைய காற்றைத்தான் சுவாசிக்கிறது.

நுண்துகள் உடலுக்கு என்ன செய்கிறது என்பதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகம் தீர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் சில நாட்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, நச்சுப்புகை ஆளைக் கொல்லும் என்பது உறுதியானது. கண்ணுக்குத் தெரியாத அளவில் தினமும் இருக்கும் தூசும் ஆயுளைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு 1993இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். ஆறு அமெரிக்க நகரங்களில் எண்ணாயிரம் பேரைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். புகைப்பழக்கம் முதலான காரணங்களைக் கழித்த பிறகும், ஆறில் மிக அழுக்கான நகரத்தில் இறப்பு விகிதம் மிகத் தூய நகரத்தைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. பிஎம் 2.5 எனப்படும், இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்த துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கி இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் பாதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கான ஆண்டு வரம்பை ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இந்தியாவின் வரம்பு 40.

பிளாஸ்டிக் எரிந்த புகையில் துகளோடு இன்னொன்றும் இருக்கிறது: டையாக்சின். குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில், போதிய காற்றில்லாமல் கனலும்போது அது பிறக்கிறது. அதன் மிகக் கொடிய வகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் அறிவித்தது. உடலுக்குள் போனால் கொழுப்பில் தங்கி, பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் எடுக்கும். பிரம்மபுரத்தில் 2023க்கு முன்பும் தீ எரிந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு திருவனந்தபுரத்திலுள்ள மத்திய அரசின் ஆய்வகமான நிஸ்ட் அங்கே டையாக்சினை ஆராய்ந்தது. அதாவது, எச்சரிக்கை வராமல் இல்லை.

இந்த நஞ்சின் பயணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காற்று மாசைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காற்றோடு நின்றுவிடுகிறது. மனிதர்களின் உடலில் சேரும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் மூக்கின் வழியாக வருவதல்ல, வாயின் வழியாக வருவது. புகையாகக் கிளம்பியது சாம்பலோடு இறங்குகிறது. புல்லில் படிகிறது, மாட்டின் வழியாகப் பாலுக்குப் போகிறது. ஆற்றுச் சேற்றில் படிகிறது, அதை மேயும் சிற்றுயிரின் வழியாக மீனுக்குப் போகிறது. பிரம்மபுரம் எங்கே இருக்கிறது? கடம்பிரையாற்றுக்கும் சித்திரப்புழைக்கும் நடுவில். இரண்டு நீரும் கடைசியில் கொச்சிக் காயலுக்குத்தான் வந்து சேர்கின்றன. கரிமீனும் இறாலும் பிடிபட்டு மட்டாஞ்சேரிச் சந்தைக்கு வருவது அந்தக் காயலிலிருந்து.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சதுப்பு. மழைக்காலத்தில் நீரைத் தாங்கி, கோடையில் மெல்ல விடுவது. குப்பையை உரமாக்க 2008 வாக்கில் அங்கே கட்டப்பட்ட தொழிற்சாலையின் கட்டடம் சில ஆண்டுகளிலேயே சிதிலமடையத் தொடங்கியதற்கும் அந்த இளகிய நிலம் ஒரு காரணம். தொழிற்சாலை முடங்க, குப்பை மட்டும் வந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 110 ஏக்கர் வளாகத்தில் மலை போலக் குவிந்தது.

சதுப்பைக் கண்டால் குப்பை கொட்டும் இடம் என்று தோன்றுவது கொச்சிக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. சென்னைக்காரர்களுக்குப் பெருங்குடி நினைவுக்கு வரும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. சாலை, கல்லூரி, கணினி நிறுவனம், அரசு அலுவலகம் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்து, மாநகராட்சியின் குப்பை மேடும் அதன் மடியிலேயே ஏறியது. 2022 ஏப்ரலில் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி பெற்றது. அதே மாதக் கடைசியில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. பிரம்மபுரத்துக்குப் பத்து மாதம் முன்னால் நடந்தது இது. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் கழுவெளி, புறம்போக்கு, தரிசு என்று எழுதப்பட்ட நிலங்களின் கதை எங்கும் இதுதான். பெயரிலேயே தள்ளிவைக்கப்பட்ட நிலத்தில் எதைக் கொட்டினாலும் கேட்க ஆளில்லை.

கொச்சியில் இன்னொரு சதுப்பும் இருக்கிறது.

எர்ணாகுளம் நகரின் நடுவில், கேரள உயர்நீதிமன்றத்தின் பின்புறம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அருகே, மங்களவனம். பரப்பு 2.74 ஹெக்டேர், ஏழு ஏக்கருக்கும் குறைவு. பிரம்மபுரம் வளாகத்தில் பதினாறில் ஒரு பங்கு. நடுவில் ஆழமில்லாத ஓர் ஓடைக்குளம். ஒரு வாய்க்கால் அதைக் காயலோடு இணைக்கிறது. ஓதம் ஏறும்போது உப்புநீர் உள்ளே வந்து, இறங்கும்போது வெளியே போகும். கரையில் வெண்கண்டல், சுரபுன்னை, கழுதைமுள்ளி. கண்டல் என்ற சொல் நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்பாட்டுகளிலிருந்து இன்றைய மலையாளம் வரை மாறாமல் வந்திருக்கிறது. மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கும். இராக்கொக்கும் சிறிய நீர்க்காகமும் கூடு கட்டும். 2006 மே மாதம் நடந்த ஒரு கணக்கெடுப்பில் 32 இனங்களைச் சேர்ந்த 194 பறவைகள் எண்ணப்பட்டன. 2004இல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இது எப்படித் தப்பியது என்பதற்கு விடை, பக்கத்தில் இருக்கும் பாழடைந்த ரயில் நிலையத்தில் இருக்கிறது. 1902இல் ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தபோது முனையமாக இருந்தது அந்த நிலையம். திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுக் கொச்சி மன்னர் ராமவர்மா அந்தப் பாதைக்குப் பணம் திரட்டியது கேரளத்தில் இன்றும் பேசப்படும் வரலாறு. பின்னாளில் போக்குவரத்து வேறு நிலையங்களுக்கு நகர்ந்தது. பழைய நிலையமும் அதைச் சுற்றிய நிலமும் மறக்கப்பட்டன. அந்த மறதியின் நிழலில் கண்டல் வளர்ந்தது. அறிவிப்பு வந்தது பிறகுதான். திட்டமிட்டுக் காக்கப்பட்டதை விட, யாருக்கும் அவசரமாகத் தேவைப்படாததால் மிஞ்சியது என்பதே உண்மைக்கு நெருக்கம். கேரளக் கடற்கரையில் ஒருகாலத்தில் 700 சதுர கிலோமீட்டர் கண்டற்காடு இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கையில் அது 9 சதுர கிலோமீட்டர். எல்லாச் சதுப்புக்கும் மங்களவனத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

மங்களவனத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் அதைக் கொச்சியின் நுரையீரல் என்று எழுதுகிறார்கள். அன்போடு சொல்லப்படும் இந்த உவமையை அப்படியே ஏற்றால் ஒரு தவறு நேரும். இலைகள் தூசைப் பிடிக்கும், சில வாயுக்களை உள்ளிழுக்கும், அது உண்மை. எவ்வளவு பிடிக்கும்? அமெரிக்க வனத்துறையின் டேவிட் நோவாக்கும் அவரது குழுவும் 2006இல் அந்நாட்டு நகர மரங்களைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னுக்கு மேல் மாசை மரங்கள் அகற்றுகின்றன. ஆனால் நகரக் காற்றின் தரத்தில் அதனால் ஏற்படும் முன்னேற்றம் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஏழு ஏக்கர் கண்டல் ஒரு மாநகரத்தின் வாகனப் புகையையும் பிரம்மபுரத்தின் புகையையும் வடிகட்டித் தரும் என்று நம்புவது அந்த மரங்களின் தலையில் நம் பொறுப்பை ஏற்றுவதாகும். மரம் நட்டுவிட்டோம், இனிப் புகை விடலாம் என்ற கணக்குக்கு அது வழிவிடும்.

பாதுகாக்கப்பட்ட நிலத்தின் மதிப்பு வடிகட்டியாக இருப்பதில் இல்லையென்றால் எதில்? முதல் விடை மிக எளியது: அங்கே குப்பை மேடு வராது. சட்டம் வேலி போட்ட சதுப்பு, நச்சுப்புகையின் பிறப்பிடமாக ஆகாது. பிரம்மபுரமும் மங்களவனமும் ஒரே காயல் படுகையின் பிள்ளைகள். ஒன்றுக்கு வனம் என்று பெயர் கிடைத்தது, மற்றதற்குப் பிளாண்ட் என்று பெயர் கிடைத்தது. இருபது ஆண்டுகளில் ஒன்றில் நீர்க்காகம் குஞ்சு பொரித்தது, மற்றது பன்னிரண்டு நாள் எரிந்தது. காற்றின் தரம் வானத்தில் தீர்மானமாவதில்லை. நிலப் பதிவேட்டில் தீர்மானமாகிறது.

ஈரநிலம் கழிவுக்கு எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. சரியான கழிவு, சரியான அளவில், சரியான கைகளுக்குப் போனால் அதுவே தூய்மை செய்யும். வேம்பநாட்டுக் காயல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அதே 2002 ஆகஸ்டில் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களும் சேர்ந்தன. 12,500 ஹெக்டேர் பரப்பில் கொல்கத்தாவின் சாக்கடைநீர் ஆழமில்லாத குளங்களுக்குள் விடப்படுகிறது. வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்கின்றன. பாசியை மீன் தின்கிறது. மீன் நகரத்துக்குத் திரும்புகிறது. மீனவர்கள் அனுபவத்தில் வளர்த்த இந்த முறையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். சுத்திகரிப்பு நிலையத்துக்கு நகரம் செலவழிக்க வேண்டிய பெரும் தொகையை அந்தச் சதுப்பு மிச்சப்படுத்துகிறது. பிளாஸ்டிக்கை மட்டும் அது செரிக்காது. எந்தச் சதுப்பும் செரிக்காது.

இரண்டாவது விடை, சட்டத்தின் ஓர் அட்டவணையில் ஒளிந்திருக்கிறது. இந்தியாவின் காற்றுத்தர அளவுகோல்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 நவம்பரில் வெளியிட்டது. அதில் இரண்டு பத்திகள். ஒன்று தொழிற்சாலை, குடியிருப்பு, கிராமப் பகுதிகளுக்கு. மற்றது மத்திய அரசு அறிவிக்கும் சூழல் உணர்திறன் பகுதிகளுக்கு. கந்தக டை ஆக்சைடின் ஆண்டு வரம்பு முதல் பத்தியில் 50 மைக்ரோகிராம், இரண்டாவதில் 20. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 40, 30. மனிதர் வாழும் இடத்தைவிடக் காட்டுக்குக் கடுமையான காவல்.

இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் சற்று வலிக்கும். ஆனால் அதற்கு அறிவியல் காரணம் உண்டு. அது தமிழர் சமையலறையிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு மசாலாவில் சேர்க்கும் கல்பாசியை எல்லோரும் அறிவார்கள். மட்டாஞ்சேரியின் சரக்குக் கடைகளிலும் கிடைக்கும். பார்க்கக் காய்ந்த பூ போல இருக்கும் அது பூவும் அல்ல, பாசியும் அல்ல. பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் உயிர். அதற்கு வேர் கிடையாது, உணவையும் நீரையும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே காற்றில் கந்தகம் ஏறினால் முதலில் மடிவது அதுதான். 1866இல் வில்லியம் நைலாண்டர் என்ற ஃபின்லாந்து அறிஞர் பாரிஸ் நகரின் மற்ற இடங்களில் மறைந்துபோன இவ்வகை உயிரினங்கள் லக்சம்பர்க் தோட்டத்தில் மட்டும் எஞ்சியிருப்பதைக் கவனித்தார். காற்றுக்கு அளவுமானிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே மரப்பட்டை ஓர் அளவுமானியாக இருந்தது.

ஆக, பாதுகாக்கப்பட்ட இடம் காற்றை அளக்கும் கோலாகவும் இருக்கிறது. கல்பாசி தாங்கும் காற்றைக் குழந்தையும் தாங்கும். அமெரிக்கா 1977இல் தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது 156 தேசியப் பூங்காக்களுக்கும் வனப்பகுதிகளுக்கும் தனிக்காப்புக் கொடுத்தது. அவற்றின் மேல் புகைமூட்டம் படியக்கூடாது என்பதற்காக வெகு தொலைவிலுள்ள அனல்மின் நிலையங்களும் புகைபோக்கியில் கருவி பொருத்த நேர்ந்தது. பயன் அடைந்தவர்கள் பூங்காவுக்கும் மின் நிலையத்துக்கும் இடையே குடியிருந்த மக்களும்தான்.

கொச்சியைச் சுற்றி அப்படி ஒரு அளவுகோல் வேண்டியதற்குக் காரணங்கள் ஏராளம். எலூரில் 1940களில் தொடங்கிய ஃபாக்ட் உரத் தொழிற்சாலை, அதைத் தொடர்ந்து பெரியாற்றங்கரையில் வரிசையாக வந்த வேதித் தொழிற்சாலைகள், டிடிடியும் எண்டோசல்ஃபானும் தயாரித்த அரசு நிறுவனம், 1966 முதல் அம்பலமுகளில் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2009இல் மத்திய வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு 43 இடங்களை மிக மோசமாக மாசுபட்டவை என்று அறிவித்தபோது பெருங்கொச்சியும் அதில் இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2022 ஜூன் 3ஆம் தேதி உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு தேசியப் பூங்காவையும் சரணாலயத்தையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்றது. அந்த வழக்கின் பெயரைக் கேட்டாலே நீலகிரி நினைவுக்கு வர வேண்டும். கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்தது அது. தீர்ப்பைக் கேட்டுக் கேரளம் கொதித்தது. இடுக்கியிலும் வயநாட்டிலும் முழு அடைப்புகள் நடந்தன. ஏலமும் மிளகும் வைத்துத் தலைமுறையாக வாழும் விவசாயிகளுக்குத் தங்கள் வீட்டின் மேல் கோடு விழுமோ என்ற அச்சம். அதைப் பொய்யச்சம் என்று யாரும் தள்ள முடியாது. மங்களவனத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் உயர்நீதிமன்றமே அதற்குள் வந்துவிடும் என்ற வாதமும் எழுந்தது. 2023 ஏப்ரல் 26ஆம் தேதி உச்சநீதிமன்றம் எல்லா இடத்துக்கும் ஒரே தூரம் என்ற கட்டளையைத் தளர்த்தியது. ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்பது மட்டும் நின்றது.

இரண்டு தேதிகளுக்கும் நடுவில் பிரம்மபுரம் எரிந்தது. சரணாலயத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் அதிகமா குறைவா என்று மாநிலம் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், வேலியில்லாத ஒரு சதுப்பின் புகை பத்து கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து நகரத்துக்குள் வந்தது. நகரத்துச் சரணாலயத்தின் சுற்றுமண்டலத்துக்கு மலைக்காட்டின் விதிகள் பொருந்தாதுதான். அங்கே வேண்டியவை வேறு: திறந்தவெளியில் குப்பை எரிக்காமை, வாய்க்கால் வாயை அடைக்காமை, பறவையின் பாதையில் கண்ணாடிச் சுவர் எழுப்பாமை, இரவில் வெளிச்சத்தைக் குறைத்தல். இவற்றில் ஒன்றுகூட அங்கே குடியிருப்பவரின் வாழ்வாதாரத்தைப் பறிப்பதல்ல. எல்லாமே அவரது மூச்சுக்கும் நல்லவை. தூரத்தைப் பற்றிய சண்டையில் இந்தப் பேச்சு காணாமல் போனது பெரிய இழப்பு.

தீக்குப் பிறகு கொச்சி மாறவில்லை என்று சொன்னால் அநியாயம். மகளிர் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயிலிருந்து வந்த ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போய் மக்காத குப்பையைத் தனியே வாங்குகிறார்கள். அதற்கு மாதக் கட்டணம் கொடுப்பதைக் கேரள அரசு சட்டமாக்கியது. கேரளத்தின் குப்பைச் சிக்கலுக்கு இதுவரை கிடைத்த மிக உறுதியான விடை அந்தப் பெண்களின் கைதான் என்று தோன்றுகிறது. பிரம்மபுரத்தில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் நாளொன்றுக்கு 150 டன் மக்கும் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையைக் கட்டியது. பழைய மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடந்தது. 2025இல் அப்படி மீட்ட நிலத்தில் அமைச்சரும் மேயரும் கிரிக்கெட் ஆடிய படங்கள் வெளியாயின. ஏறி நிற்கவே முடியாத இடத்தில் பந்து உருண்டது என்றால் அது சாதனைதான்.

மீட்ட நிலத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஆலைக்கும் சாலைக்கும் கேட்பவர்கள் வரிசையில் இருப்பார்கள். இரண்டு ஆற்றங்கரைகளையும் ஒட்டி ஒரு பகுதியையாவது நீருக்கே திருப்பிக் கொடுத்து, சதுப்பு என்று பதிவேட்டில் எழுதி, வேலி போட வேண்டும். செய்ய முடியாத காரியமல்ல. கண்ணூர் மாவட்டத்தில் பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத கூலித் தொழிலாளி கல்லேன் பொக்குடன் 1989 வாக்கில் தொடங்கி, பழயங்காடி ஆற்றோரத்தில் தனியாளாகக் கண்டல் விதைகளை ஊன்றினார். அவர் 2015இல் இறக்கும்போது கேரளம் முழுவதும் கண்டல் பொக்குடன் என்றே அவரை அறிந்திருந்தது. ஒரு மனிதரின் கால் நூற்றாண்டு உழைப்பு அது. ஒரு மாநகராட்சியிடம் அதைவிட ஆளும் பணமும் உண்டு.

கொச்சங்காடிக்கும் மங்களவனத்துக்கும் நடுவில் காயல். நேர்க்கோட்டில் சில கிலோமீட்டர்தான். நாளுக்கு இருமுறை அரபிக்கடலின் ஓதம் துறைமுக வாயில் வழியாக ஏறும்போது, ஒரு கை மட்டாஞ்சேரிப் பக்கம் கல்வத்தி வாய்க்காலுக்குள் நுழைகிறது, மறு கை எர்ணாகுளக் கரையில் மங்களவனத்தின் வாய்க்காலுக்குள் நுழைகிறது. இங்கே தவறவிட்ட பால் பாக்கெட் உறை அங்கே கண்டல் வேர்களில் போய்ச் சிக்கும். வற்றம் தொடங்கியதும் தண்ணீர் வெளியேறிவிடும். உறை அங்கேயே இருக்கும், மூச்சுவேர்களின் நடுவில், வனக்காவலர் ஒருவர் குனிந்து எடுக்கும் வரை.